பாதத்துக்கென ஒரு மருத்துவமனை: சிகிச்சை அறை அருமை, காலணிப் பிரிவு சுமார்

தென்சென்னையில் பாதப் பராமரிப்புக்கென்றே இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு என் தாயாரைச் சில மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். எழுபது வயதைக் கடந்த அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலது கட்டைவிரலின் அடிப்பகுதியில் கால் ஆணியும் அதைச் சுற்றிக் காய்ப்பும் எத்தனை முறை அகற்றினாலும் திரும்ப வந்துகொண்டிருந்தன. குறைகளையும் எழுதவிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது பரிசோதனையை. வழக்கமான மருத்துவமனைகளில் செருப்பைக் கூடக் கழற்றச் சொல்லாமல் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே இரு கால்களையும் முழங்கால் வரை திறந்து, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டறிந்த பிறகே பேசத் தொடங்குகிறார்கள். அதன்பின் 10 கிராம் விசையில் வளைந்துவிடும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் வெவ்வேறு இடங்களில் வைத்து அழுத்தினார்கள். "கண்ணை மூடிக்கிட்டு, படறப்போ மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் பரிசோதித்த பெண். இழை கட்டைவிரலின் அடியில் வில்லாக வளைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று அம்மா கேட்டார். காயம் படுவதை உணர்த்திக் காக்கும் தொடுவுணர்வு பாதத்தில் போய்விட்டது என்பதை எங்கள் இருவருக்கும் அந்த ஒரு கேள்வி புரியவைத்தது. அதிர்வை உணரும் திறனை அளக்கும் கருவிச் சோதனையும், கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் சோதனையும் தொடர்ந்தன. இந்த ஒப்பீட்டு விகிதம் 0.9க்குக் கீழே இறங்கினால் காலுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கக்கூடும். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டும் என்பதை மருத்துவர் தாமாகவே விளக்கியது எனக்கு நிறைவளித்தது.

காய்ப்பை அகற்றிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்துப்போக ஊசி எதுவும் போடவில்லை. அறுவைக்கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் பிடித்து, இறந்த தோலை மெல்லிய சீவல்களாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். இரத்தம் கசியவில்லை. மேலடுக்குகள் போனதும் உள்ளே கடுகளவில் கருஞ்சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. காய்ப்புக்கு அடியில் இரத்தம் கட்டியிருப்பதன் அடையாளம் அது என்றும், அப்படியே விட்டிருந்தால் புண்ணாகத் திறந்திருக்கக்கூடும் என்றும் காட்டிச் சொன்னார்கள். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும், கால் ஆணிமேல் ஒட்டும் கார்ன் கேப் பட்டையில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். நல்ல தோலுக்கும் இறந்த தோலுக்கும் அது வேறுபாடு பார்க்காது. உணர்விழந்த பாதமோ எரிச்சலைச் சொல்லாது. அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவும் வழக்கமுள்ள எங்கள் வீட்டுக்கும் இதே எச்சரிக்கை கிடைத்தது, கண்டிப்பு இல்லாமல், மரியாதையாக.

சர்க்கரை நோய் இல்லாதவர்களும் இங்கே வருகிறார்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலியோடு சென்ற என் தம்பிக்கு எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை, ஊசியும் போடவில்லை. கெண்டைக்காலையும் உள்ளங்கால் நாரையும் நீட்டிவிடும் பயிற்சிகளைச் செய்து காட்டி, குணமாக மாதக்கணக்கில் ஆகலாம் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு, சதைக்குள் வளரும் நகத்துக்கு ஓரத்தை மட்டும் நீக்கும் சிறு அறுவை என்று மற்றவையும் முறையாகவே நடக்கின்றன.

என் மனக்குறை தொடங்குவது காலணிப் பிரிவில். உணர்விழந்த பாதத்தில் புண் வருவது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால்தான் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் காட்பாடி அருகே உள்ள கரிகிரியிலும் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் தெளிவாக நிறுவினார்கள். இன்று நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்லும் நுண்துளை ரப்பர் காலணி அந்தப் பணியோடு சேர்ந்து பரவியது. தொழுநோயாளிகளுக்காக உருவானது பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. இவ்வளவு வரலாறு நம் மாநிலத்திலேயே இருக்க, இந்த மருத்துவமனையின் காலணிப் பிரிவு ஆயத்த அளவுகளில் அடுக்கிவைத்த செருப்புகளை எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. அம்மாவின் விரல்கள் மடங்கி மேலெழும்பியவை. அவற்றின் கணு உரசாதபடி மேல்வார் உயரமாக இருக்க வேண்டும். முதலில் கொடுத்த இணையில் அந்த வார் சரியாகக் கணுவின் மீதே அழுந்தியது. சிகிச்சை அறையில் அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்களின் குறிப்பு காலணி கொடுப்பவரிடம் போய்ச் சேரவே இல்லை. நான் சுட்டிக்காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், உடன் ஆள் இல்லாமல் வரும் முதியவர் அதையே போட்டுக்கொண்டு போயிருப்பார். கழுத்தில் வலியே தெரியாதவருக்கு இறுக்கமான சங்கிலி மாட்டுவதைப் போன்றது இது.

வாங்குவோர் சிலவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம் வேண்டும், ஏனெனில் உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது. விரலிடுக்கில் செல்லும் வார் கூடாது. உள்தளம் விரலால் அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும். அடித்தளமோ முள் ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்ப்பது உத்தமம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆலோசனை, சோதனை, காய்ப்பு அகற்றல் மூன்றுக்கும் தனித்தனி ரசீது போடுகிறார்கள். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். எல்லோரையும் மாதந்தோறும் வரச் சொல்வதும் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. உணர்விழப்போடு பாத உருக்குலைவும் உள்ளவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பதே சர்வதேச வழிகாட்டுதல்; ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்குத்தான் 1 முதல் 3 மாதம். காய்ப்பு விரைவாகத் தடிக்கும் அம்மாவுக்கு இடையிடையே சீவிவிட வேண்டியிருப்பது உண்மை. ஆனால் அதற்காக ஒவ்வொரு முறையும் முழுச் சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று நான் கேட்டபோது மறுப்பின்றி ஒப்புக்கொண்டார்கள்.

பிரிட்டனில் பாத மருத்துவர் என்ற பட்டப்பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் பாத மருத்துவம் என்று பலகை வைத்திருப்பவர் அறுவை மருத்துவராகவும் இருக்கலாம், சில வாரப் பயிற்சி பெற்றவராகவும் இருக்கலாம். இந்த மருத்துவமனையில் கத்தியைக் கையில் எடுப்பவரின் தகுதியைக் கேட்டேன்; முகம் சுளிக்காமல் சொன்னார்கள், மேற்பார்வை மருத்துவர் யார் என்பதையும் சேர்த்து. காய்ப்பை அகற்றவும் சோதனைக்கும் இங்கேதான் தொடர்ந்து அழைத்து வருவேன். அடுத்த இணைச் செருப்பை மட்டும் அம்மாவின் பாத அளவை வரைந்தெடுத்துத் தைத்துத் தரும் வேறிடத்தில் வாங்குவதாக இருக்கிறேன்.