குதிகால் ஜெல் பேடு: இரண்டரை வருடம் மிதித்த பிறகு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் புடவை செக்‌ஷன் எனக்கு. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை ஆகும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. ஆடி, தீபாவளிக் கூட்டத்தில் அதன் மேல் ஜாக்கெட் பிட் கட்டுதான் உட்காரும், நாங்கள் இல்லை.

செருப்பு வாசலோடு சரி. வெறும் டைல்ஸில் நின்று நின்று குதிகால் வலி வந்ததும், சாக்ஸுக்குள் வைக்கிற ஜெல் கப் ஒரு ஜோடி 280 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் ‘சிலிகான்’ என்று போட்டிருந்தது. தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, அதனால் சந்தேகம். நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல், கை சும்மா இருக்குமா? ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் குத்தினேன். மெழுகு மாதிரி உருகி நூலாக இழுத்தது. சிலிகான் அப்படி உருகாது. இது எண்ணெயில் ஊறிய பிளாக் கோபாலிமர், அதாவது வெவ்வேறு குணமுள்ள துண்டுகளைக் கோத்த நீளமான மூலக்கூறுச் சங்கிலி. பெரும்பாலும் எஸ்.ஈ.பி.எஸ். என்கிற வகை.

அதன் சங்கிலி மூன்று துண்டு. இரண்டு முனையும் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மோகோல் செய்கிற அதே சரக்கு. நடுத்துண்டு ரப்பர். ரப்பருக்கு மினரல் ஆயில் பிடிக்கும், முனைகளுக்குப் பிடிக்காது. அதனால் முனைகள் ஒன்றுகூடிப் பத்து, இருபது நானோமீட்டர் அளவில் கெட்டி உருண்டைகளாகிவிடும். ஓர் உருண்டைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பாலம் போடும் சங்கிலிதான் நம் எடையைத் தாங்குகிறது. இரண்டு முனையும் ஒரே உருண்டைக்குள் திரும்பிவந்தால் அது வெறும் வளையம், பெரிய உதவி கிடையாது. காசிமேட்டு மீன்வலை மாதிரி என்று சொல்லலாம். ஆனால் வலையில் இருப்பது கட்டிய முடிச்சு, இங்கே இருப்பது உறைந்த முடிச்சு. சூடு கண்டால் அவிழும்.

முதல் நான்கு மாதம் சுகமோ சுகம். நடக்கும்போது அமுங்கி உடனே எழும்பும். ஆனால் நின்றுகொண்டே இருப்பவருக்குக் கதை வேறு. ஒரே இடத்தில் மணிக்கணக்காக எடை உட்கார்ந்தால் சங்கிலி முனைகள் ஒவ்வொன்றாக உருண்டையை விட்டு நழுவி வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கிழிசல் எதுவும் தெரியாது, ஆனால் பேடு தட்டையாகிவிடும். எட்டாவது மாதம் என் இடது பேடின் நடுப்பகுதி பாதி கனம்தான் இருந்தது. அமுங்கிய இடத்திலிருந்து எண்ணெயும் கசியும். சாக்ஸில் வட்டமாகக் கறை. அதைத் தொட்ட கையால் பட்டுப் புடவையை விரிக்க எனக்குப் பயம், இப்போதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கவுன்டருக்குப் போவேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தால் ஸ்பானரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. பாலிஸ்டைரீன் தனியாக இளக 100 டிகிரி அருகே சூடு வேண்டும். இவ்வளவு சின்ன உருண்டையாக, சுற்றிலும் எண்ணெயோடு இருந்தால் அதற்கு முன்பே தளர ஆரம்பிக்கும். அது என் தப்புதான்.

இரண்டாவது ஜோடி வாங்கும்போது விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் விறைப்பாக இருந்ததை எடுத்தேன். பாலிமர் கூடுதல், எண்ணெய் குறைவு என்றால் பாலங்களும் கூடுதல். கடையில் எடுத்தவுடன் பஞ்சு மாதிரி இருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். இந்த ஜோடிக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, ஓரம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தூசி ஒட்டினால் சோப்பு நீர், காய்ந்ததும் துளி பவுடர். வெயிலில் காயவைப்பதில்லை.

“அக்கா, இதைப் போட்டா வலி போயிடுமா?” என்று பக்கத்து செக்‌ஷன் பெண் கேட்டாள். போகாது. இரவு எட்டு மணிக்கு வரவேண்டியது ஒன்பதுக்கு வரும், அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு மணி நேரம் 280 ரூபாய்க்கு மேல்.

பழைய ஜோடியை நாலாக வெட்டி மிக்ஸி காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சட்னி அரைக்கும்போது மிக்ஸி மேடையில் நடப்பதில்லை. கிரானைட்டில் நாலு எண்ணெய் வட்டம் விழுந்ததற்கு மட்டும் மாமியாரிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.