மெயில் திறக்கலையா? ஃபார்மட் போடணும்னு சொன்னா கம்ப்யூட்டரைக் கொடுக்காதீங்க

கும்பகோணம் பக்கம் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாச்சியார்கோயிலில் எங்களுக்குக் குத்துவிளக்குப் பட்டறை. வெளிநாட்டுக் கோயில் ஆர்டர், உயரம், எடை, உச்சியில் அன்னமா வேறு உருவமா என்கிற படம், எல்லாம் மெயிலில்தான் வரும். அண்ணன் அதை தண்டர்பேர்ட் என்கிற மெயில் புரோகிராமில் பாப் முறையில் வைத்திருந்தார். சர்வரிலிருந்து மெயில் இறங்கி எங்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். அங்கே எதுவும் மிஞ்சாது.

ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒருநாள், மூடின தண்டர்பேர்ட் மறுபடி திறக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் தரவில்லை என்று ஒரு பெட்டி மட்டும் வந்தது.

கடைக்காரர் பார்த்த உடனே, "வைரஸ் பூந்திருச்சுண்ணே, ஃபார்மட் போட்டாத்தான் சரியாவும்" என்றார். "தம்பி, மெயில் பூரா இதுக்குள்ளதான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது" என்று அண்ணன் அழுத்திச் சொன்னார். "மெயில் எங்கண்ணே போவப்போவுது? பாஸ்வேர்டு போட்டா வந்துரும்."

வாங்கியது 2,800 ரூபாய். பில் கிடையாது. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் வந்து பாஸ்வேர்டு போட்டால், அன்றைக்கு வந்த மெயில் மட்டும்தான். ஃபார்மட் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டதில், வருஷக்கணக்கான ஆர்டரும் படமும் போச்சு. மலேசியாவுக்குச் செய்துகொண்டிருந்த அடுக்கு விளக்கின் அளவுத்தாளும் அதோடு போனதால், வண்டல் மண்ணில் அச்சு எடுத்த வேலை பாதியில் நின்றது. போய்க் கேட்டதற்கு, "பேக்கப் எடுக்கச் சொல்லவே இல்லியே" என்றார் கூசாமல். அண்ணன் சொன்னபோது பக்கத்திலேயே நின்றவன் நான். இன்னும் வயிறு எரிகிறது.

கொஞ்ச நாளில் அதே பெட்டி மறுபடி வந்தது! அக்கா மகன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பட்டியலில் தண்டர்பேர்ட் ஓடிக்கொண்டிருந்தது. எண்ட் டாஸ்க் கொடுத்தான். அடுத்த கிளிக்கில் திறந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஜன்னலை மூடினாலும் சில சமயம் புரோகிராம் உள்ளே முடியாமல் நிற்கும். மெயில் எல்லாம் இருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டரை அது பூட்டி வைத்திருப்பதால் இன்னொரு தடவை திறக்க விடாது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரில் தண்டர்பேர்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ப்ரொஃபைல் ஃபோல்டரில் பேரண்ட் டாட் லாக் என்ற ஃபைலை மட்டும் அழிக்கலாம். மெயில் அதில் இல்லை. ஃபோல்டரைப் பிடிக்க, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறி வைத்து அடியுங்கள். தண்டர்பேர்ட், அதற்குள் ப்ரொஃபைல்ஸ். அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்த பிறகுதான் எந்தக் கடைக்கும் கொடுக்க வேண்டும். என்ன வேலை, எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

பில் தராவிட்டால் ஜிபேயில் பணம் கட்டுங்கள், அதுவும் சாட்சிதான். நாங்களும் அப்படிக் கட்டியதால்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அண்ணன் அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.