டிஜிட்டல் அக்கார்டியன் வாங்குவதற்கு முன் துருத்தியை நிறுத்திப் பாருங்கள்

பயன்படுத்திய டிஜிட்டல் அக்கார்டியன் ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டேன். "ரீட் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே ஒலிக்கும், ரோலண்ட் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த எஃப்ஆர்-7 டிஜிட்டல் அக்கார்டியன் மாதிரி" என்றார் விற்றவர். ரீட் என்பது அசல் அக்கார்டியனில் துருத்திக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு. ஹெட்போனில் டெமோ பாட்டைப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. துருத்தியைத் தொடாமலே பணத்தைக் கொடுத்தது என் மடத்தனம்.

வீட்டுக்கு வந்து ஒரு கட்டையை அழுத்தியபடி துருத்தியை நிறுத்தினேன். ஒலி நிற்கவில்லை! மெலிசாக ஓடிக்கொண்டே இருந்தது. காற்று இல்லாமல் எந்த ரீட் பாடும்?

அசல் கருவியில் துருத்தியை மெதுவாக இழுத்தால் ரீட் உடனே பேசாது. பெரிய பேஸ் ரீட் இன்னும் தாமதிக்கும். துருத்தியைப் பலமாக அழுத்தினால் ஒலி கூடுவதோடு அதன் நிறமும் மாறும், சுருதியும் துளி இறங்கும். நல்ல டிஜிட்டல் கருவி துருத்தியின் அழுத்தத்தை சென்சாரில் அளந்து இதையெல்லாம் கணக்கிட்டுத் தரும். என்னுடையதில் துருத்தி வெறும் வால்யூம் திருகு. அதுவும் 0 முதல் 127 வரை படிப்படியாக. மெதுவாகக் குறைத்தால் ஒவ்வொரு படியும் காதில் விழுகிறது.

இதைவிடப் பெரிய கூத்து மியூசெட் என்ற அலையடிக்கும் ஒலி. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீட், ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 443 என்றால் ஒலி விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும்; அதுதான் அந்த அலை. முறையான கருவி இரண்டு ரீடையும் தனித்தனியாக ஒலிக்க வைத்துக் கலக்கும். இதில் அலையோடு சேர்த்தே ஒரு ஸ்வரத்தை சாம்பிளாக, அதாவது ஒலித்துண்டாக, பதிந்து, அதையே பக்கத்துக் கட்டைகளுக்கும் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். அதனால் மேலே போகப் போக அலை வேகமெடுக்கிறது, ஒரு கட்டையில் திடீரென்று பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. கட்டைகளை ஒவ்வொன்றாக வரிசையில் அழுத்தினால் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும். நான் அழுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் "அப்டேட் போட்டால் சரியாகிவிடும்" என்றார். அப்புறம், பழைய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். இப்போது பதிலே இல்லை.

நானும் விற்கப் பார்க்கிறேன். வந்த இரண்டு பேரிடமும் முதலில் துருத்தியை நிறுத்திக் காட்டினேன். இரண்டு பேரும் வாங்கவில்லை.