கோடை முகாமுக்கு மலையேறும் முன்: நீலகிரி, கொடைக்கானல் முகாம்கள் ஓர் அலசல்

மார்ச் கடைசியிலேயே விளம்பரங்கள் வந்துவிடும். ‘பத்து நாள், நீட் அடித்தளம், ட்ரெக்கிங், ரோபாட்டிக்ஸ், ஆளுமை வளர்ச்சி, எல்லாம் ஊட்டியில்.’ ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முகாமில் நடப்பதை ஈரோட்டிலோ திருச்சியிலோ செய்ய முடியாதா? முடியும் என்றால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் குளிருக்குத்தான் போகிறது. மலை இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை என்றால் தாராளமாக அனுப்பலாம்.

பாட முகாம்

நீட், ஜேஇஇ பெயரில் மலை விடுதிகளில் நடப்பவை இந்தக் கேள்வியில் பெரும்பாலும் தோற்றுவிடும். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே மே மாத முகாமுக்கு வருகிறவர்கள் ப்ளஸ் ஒன் முடித்து ப்ளஸ் டூ போகிறவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது ப்ளஸ் ஒன் பாடத்தில் விட்டுப்போன ஓட்டைகளை அடைப்பது. அதற்குப் பத்து நாளில் ஒரு பாடம்தான் உருப்படியாக முடியும், மூன்று பாடம் முடியாது. போகும் நாளும் திரும்பும் நாளும் கழிந்தால் மிஞ்சுவது எட்டு நாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வந்த பிள்ளை முதல் நாள் மாலை வகுப்பில் உட்கார்ந்திருப்பதே பெரிது. காலை ஐந்து மணிப் படிப்பு என்று அட்டவணையில் இருக்கும். மே மாதத்திலும் ஊட்டியில் அந்நேரம் வெப்பம் 11, 12 டிகிரிதான். போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்.

அப்படியும் அனுப்புவதென்றால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். பாடம் நடத்தும் ஆசிரியர் மலையிலேயே தங்குகிறாரா, திரையில் வீடியோ ஓடுகிறதா? அன்றன்று எழுதும் தேர்வைத் திருத்தி அன்று இரவே தருவது யார்? இதற்கு நேரான பதில் வராத முகாமைவிட, ஊரிலேயே காலை மூன்று மணி நேரம் வைக்கும் டியூஷன் மேல். வீட்டில் வெக்கையும் இரைச்சலும் தாங்காமல் படிக்கவே முடியாத பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

காட்டைப் படிக்கும் முகாம்

எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். சோலைக்காடும் புல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் பகுதிகளில்தான் பார்க்க முடியும். அதை வேடிக்கை பார்த்துவிட்டு வராமல் அளந்துவிட்டு வருகிற முகாமைத் தேடுங்கள்.

நல்ல முகாம் என்றால் இப்படி நடக்கும். நான்கு மீட்டர் கயிறு, நான்கு முளைக்குச்சி: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். சோலைக்குள் மூன்று சதுரம், புல்வெளியில் மூன்று, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்பிலோ சீகை மர (வாட்டில்) தோப்பிலோ மூன்று. ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை விதமான இலை இருக்கிறது என்று எண்ண வேண்டும். தாவரப் பெயர் தெரிய வேண்டாம். இலையை வரைந்து எண் போட்டால் போதும். குழுவுக்கு ஐந்து பேர். முப்பது பேரை ஒன்றாகச் சோலைக்குள் விட்டால் எண்ண வேண்டிய செடியை அவர்களே மிதித்துவிடுவார்கள். பென்சில்தான் எழுதுகோல், ஏனென்றால் மூடுபனியில் மை கரையும்.

அடுத்தது மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்ற சோதனை. இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, 500 மில்லி தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறிக்க வேண்டும். டப்பா ஆழமாக இறங்காவிட்டால் தண்ணீர் அடியில் பக்கவாட்டில் கசிந்து, மண் வேகமாகக் குடித்ததுபோல் பொய்க்கணக்குக் காட்டும். முதல் தடவை ஊற்றியதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. காய்ந்த மண் பொதுவாக வேகமாக இழுக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவையின் நேரம்தான் நம்பத் தகுந்தது. சோலை மண்ணுக்கும் ஆள் நடந்து இறுகிய தேயிலைத் தோட்டப் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடிகாரத்தில் பார்த்த பிள்ளைக்கு, காட்டை அழித்தால் ஓடை ஏன் வற்றுகிறது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இவற்றைச் செய்யும் இடம் பள்ளி வளாகமாகவோ உரிமையாளர் அனுமதித்த எஸ்டேட்டாகவோ இருக்க வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். கோத்தகிரியில் பழங்குடி மக்களோடும் தேனீக்களோடும் வேலை செய்யும் கீஸ்டோன் நிறுவனம் 1993-இல் தொடங்கியது. கொடைக்கானலில் பழனிமலை பாதுகாப்புக் குழு 1985-இலிருந்து இருக்கிறது. முகாம் நடத்துகிறவர்கள் இவர்களைப் போன்ற உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து செய்கிறார்களா என்று கேட்பது நல்ல உரைகல்.

வானம் பார்க்கும் முகாம்

இதில் கொடைக்கானல் முந்துகிறது. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பல முகாம்கள் அரை மணி நேரம் அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு ‘வானியல் பயிற்சி’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகின்றன. அது போதாது.

ஐந்து நாள் முகாமில் சூரியன் சுழலும் வேகத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். 60 மி.மீ. தொலைநோக்கி வழியே சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, 15 செ.மீ. வட்டத்தில் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். தினமும் அதே நேரம், காலை எட்டு முதல் பத்துக்குள். பகல் ஏற ஏற மேகம் கூடிவிடும். குழாயை அசைக்காமல் விட்டால் பிம்பம் நகரும் திசை மேற்கு. அந்தத் திசையை அட்டையில் ஒரு கோடாகப் போடாமல் விட்டால் மறுநாள் படத்தோடு ஒப்பிடவே முடியாது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் நாளுக்குச் சுமார் 13 பாகை திரும்புகிறது. முதல் காலை நடுவில் இருந்த புள்ளி ஐந்தாம் காலை ஏறக்குறைய 6 செ.மீ. தள்ளி, விளிம்பை நெருங்கியிருக்கும். அட்டை சாய்ந்தால் வட்டம் முட்டையாகிக் கணக்குக் கெடும். பிளாஸ்டிக் கண்வில்லை சூட்டில் உருகும். பக்கவாட்டிலுள்ள சின்ன தேடு தொலைநோக்கியை மூடி போட்டே வைக்க வேண்டும். ஒரு நொடி அதில் கண் வைத்தாலும் பார்வை போகும். இதை முதல் நாளே சொல்லாத முகாமில் பிள்ளையை விடாதீர்கள்.

ஊட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. முத்தோரையில் 1970-இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றுபோல 11 பாகையை ஒட்டியிருப்பதால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். பாகைமானியும் நூலும் கல்லும் கொண்டு சாலையிலிருந்தே அந்தச் சாய்வை அளக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் பாக்கியம். உள்ளே போக முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும்.

இன்னொன்று: இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கொடைக்கானல் கோடை இயற்பியல் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கானது. அந்தப் பெயரை ஒட்டி யாராவது பள்ளிப் பிள்ளைகளிடம் பணம் கேட்டால் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

ட்ரெக்கிங், கூடாரம், கயிறு

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலியான காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு இறுகியது. இப்போது வனத்துறையே 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டிகளோடு கூட்டிப்போகிறது. கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன் ஹில் முதல் தடவை நடப்பவர்களுக்குச் சரி. வட்டக்கானல்–வெள்ளகவி இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். முகாம்காரரிடம் அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள். ‘நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்’ என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கயிறு ஏறுதல் என்றால் தலைக்கவசமும் தனித்தனியாக இரண்டு பிடிமானமும் இருக்க வேண்டும். அருவிக் குளியல் அட்டவணையில் இருந்தால் எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான்.

காசில்லாமல் கிடைப்பவை

பள்ளியில் என்சிசி இருந்தால், ஊட்டியில் நடக்கும் அகில இந்திய மலையேற்ற முகாமுக்குத் தேர்வாக முயலலாம். ஒழுங்கும் பாதுகாப்பும் பல தனியார் முகாம்களைவிட மேல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவின் இளம் விஞ்ஞானி திட்டமான யுவிகா உண்டு: 2019-இலிருந்து நடக்கிறது, மே மாதத்தில் சுமார் இரண்டு வாரம், பயணச் செலவு உட்பட இலவசம். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் அதிக எடை; கிராமப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனி மதிப்பு சேரும். இது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நடப்பதில்லை. ஆனாலும் அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும் என்பதால் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஊட்டியா, கொடையா, கோத்தகிரியா

மே மாதம் மூன்று ஊரிலும் பிற்பகலில் இடிமழை வரலாம். வெளி வேலை எல்லாம் ஒரு மணிக்குள் முடிகிற அட்டவணைதான் சரி. ஜூன் பிறந்தால் அவலாஞ்சி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், சோலைக்குள் அட்டை கடிக்கும். கோத்தகிரி கிழக்குச் சரிவு, அந்த மழை குறைவு. கொடைக்கானலுக்குப் பெருமழை ஐப்பசியில்தான். பெரிய மருத்துவமனை என்றால் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொடையிலிருந்து பெரிய அவசரத்துக்கு மலை இறங்கியாக வேண்டும். வீசிங், வலிப்பு உள்ள பிள்ளைக்கு இதை யோசித்தே முடிவெடுங்கள்.

2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்துக்கு வேண்டாம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். சனிக்கிழமை தொடங்கும் முகாமின் வேன் பாஸ் கிடைக்காமல் அடிவாரத்தில் நிற்கும்; செவ்வாயோ புதனோ தொடங்கும் முகாமைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் மே நடுவில் ரிசல்ட்டும் ப்ளஸ் ஒன் குரூப் சேர்க்கையும் வரும் என்பதை மறக்க வேண்டாம். அவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரம்தான் வசதி.

பையில் ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறை கூடுதலாக, ஸ்டீல் தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் நாப்கினைக் கையோடு கொண்டுபோகட்டும். இரவில் விடுதியிலேயே தங்கும் பெண் வார்டனின் பெயரும் போன் எண்ணும் பணம் கட்டுமுன்பே உங்கள் கையில் இருக்கட்டும்.