பிளேஃபோர்டின் மின்வாரியம்: எட்சா சேவை ஒரு மதிப்பீடு

தாமஸ் பிளேஃபோர்ட் 1938 நவம்பரிலிருந்து 1965 மார்ச் வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வர். அடிலெய்டை ஒட்டிய மலைப்பகுதியில் செர்ரித் தோட்டம் போட்ட விவசாயி, தனியார் தொழிலை ஆதரிக்கும் கட்சிக்காரர். அப்படிப்பட்டவர் ஒரு மின்சாரக் கம்பெனியை அரசுடைமை ஆக்கினார். அவர் விட்டுப்போன சேவைகளில் முதலில் எடைபோட வேண்டியது இதுதான்.

1946 வரை அடிலெய்டுக்கு மின்சாரம் தந்தது ஒரு தனியார் நிறுவனம். அதற்கான நிலக்கரி நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வரும். அங்கே சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் இங்கே ஆலைகள் திணறும். சொந்த மாநிலத்திலேயே, வடக்கே லீ க்ரீக்கில், கரி கிடந்தது. ஆனால் மட்டமான கரி. ஈரமும் சாம்பலும் அதிகம், சூடு குறைவு. நல்ல கரிக்கென்று கட்டிய கொதிகலனில் அதைப் போட்டால் சரியாக எரியாது. உலையையே அதற்கேற்ப அமைக்க வேண்டும். கம்பெனி இதற்கு இணங்கவில்லை. விசாரணைக் கமிஷன் அரசுடைமையைப் பரிந்துரைத்தது. மசோதா மேலவையில் முதல்முறை தோற்றது. எதிர்த்தவர்கள் பிளேஃபோர்டின் சொந்தக் கட்சிக்காரர்கள். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் ஆதரவோடு 1946இல் நிறைவேற்றிக் காட்டினார். எட்சா (ETSA) என்ற அரசு மின்வாரியம் பிறந்தது.

சேவையின் முதுகெலும்பு போர்ட் அகஸ்டா அனல்மின் நிலையம். அவர் பெயரையே தாங்கிய அதன் முதல் பிரிவு 1954இல் இயங்கத் தொடங்கியது. லீ க்ரீக்கின் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் ரயிலில் கரி வரும், குளிர்விக்க ஸ்பென்சர் வளைகுடாவின் கடல்நீர். வெளிமாநிலக் கப்பலுக்குக் காத்திருக்கும் நிலை இதனால்தான் தீர்ந்தது. கம்பங்களையும் சொல்ல வேண்டும். நல்ல மரம் அரிது, கிடைத்ததையும் கரையான் தின்னும். அதனால் இரண்டு இரும்பு உத்திரங்களை போல்ட்டால் இணைத்து நடுவில் கான்கிரீட் நிரப்பிய ஸ்டோபி கம்பம். 1924இல் பழைய கம்பெனியின் பொறியாளர் உருவாக்கியது. எட்சா அதை மாநிலமெங்கும் நட்டது. இன்றும் நிற்கிறது. மின்சாரத்துக்கு ஐந்துக்கு நாலரை.

அரை மதிப்பெண் போனது சாம்பலுக்கு. 2016இல் போர்ட் அகஸ்டாவில் அனல்மின் உற்பத்தி நின்ற பிறகும், எரிந்த கரியின் சாம்பலைக் கொட்டிய தேக்கத்திலிருந்து தூசி கிளம்பி ஊர்மேல் படிந்தது.

பெரிய குறை வேறு: இந்த மின்சாரத்தை வாங்கிய நகரத்து நுகர்வோரின் தேர்தல் வாக்குக்கு அன்று மதிப்பில்லை. மாநிலக் கீழவைக்கு அப்போது மொத்தம் 39 தொகுதிகள்; அடிலெய்டுக்கு 13, நாட்டுப்புறத்துக்கு 26. 1936இல், அவருக்கு முன்பே வகுத்த ஏற்பாடு. நகரம் பெருத்துக்கொண்டே போயும் அவர் அதை நேராக்கவில்லை. 1962இல் தொழிற்கட்சி வாக்கில் தெளிவாக முந்தியும் 19 இடங்களே பெற்றது. 18 பெற்ற பிளேஃபோர்ட் இரண்டு சுயேச்சைகளின் துணையோடு நீடித்தார். 1965இல் தொழிற்கட்சி 21 இடங்கள் பிடித்த பிறகே நாற்காலி காலியானது.