பழைய ஜப்பானிய ஒரு யென்: தராசு, தண்ணீர், காந்தம், லென்ஸ் – எது எதைப் பிடிக்கும்?

ஜப்பானின் பழைய வெள்ளி நாணயங்களில் போலி மலிந்து கிடப்பது டிராகன் போட்ட ஒரு யென்னிலும் அதன் உடன்பிறப்பான, வெளிநாட்டு வணிகத்துக்கென அடித்த வணிக டாலரிலும்தான். சோதிக்க வழிகள் பல உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒருவகைப் போலியை மட்டுமே பிடிக்கும். மற்றவகை அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விடும்.

முதலில் அசலின் அளவுகள். 1874 முதல் 1914 வரை வந்த ஒரு யென் 26.96 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. விட்டம் தொடக்கத்தில் 38.6 மி.மீ., 1887-இல் 38.1 மி.மீ. ஆகக் குறைந்தது. 1875 முதல் 1877 வரை ஆண்டு பொறித்த வணிக டாலர் 27.22 கிராம், அதே தரம். இந்த எடைகள் கிரெய்ன் என்ற பழைய எடை அலகின் கணக்கில் நாணயத்தின் மேலேயே இருக்கின்றன: யென்னில் 416, வணிக டாலரில் 420.

தராசு மலிவான சோதனை, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். அசல் யென்னின் கன அளவு சுமார் 2.61 கன செ.மீ. அதே அளவில் பித்தளையில் செய்தால் 22 கிராம்தான் தேறும், செம்பு-நிக்கலில் 23. பழைய மட்டரகப் போலிகள் இதிலேயே விழுந்துவிடும். விவரம் தெரிந்த போலிக்காரர் நாணயத்தைத் தடிமனாக்கி எடையைச் சரிக்கட்டுவார். செம்பு-நிக்கலில் 26.96 கிராம் வர வேண்டுமானால் 16 சதவீதம் கூடுதல் தடிமன் வேண்டும். அதாவது கிட்டத்தட்ட 0.35 மி.மீ. எனவே தராசோடு, தடிமனும் விட்டமும் அளக்கும் காலிப்பரும் இருந்தால்தான் எடைக்கு அர்த்தம். பிளாஸ்டிக் தாடை உள்ள காலிப்பராக இருக்கட்டும். இரும்புத் தாடை விளிம்பைக் கீறும். தேய்ந்த அசல் 26.5 கிராமுக்கு இறங்குவது சகஜம். கூடுதலாக நிற்பதுதான் உறுத்த வேண்டும்: 27.3 கிராம் காட்டும் ஒரு யென்னுக்குத் தேய்மானம் சாக்காகாது.

தண்ணீர்ச் சோதனைதான் இவற்றில் நம் தேர்வு. தேய்மானமோ, சீன வணிகர்கள் குத்திய முத்திரைகளோ ஒப்படர்த்தியை (அதே கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு எடை என்பதை) பெரிதாக மாற்றுவதில்லை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். அசல் யென்னுக்கு 10.3. பித்தளை, செம்பு, செம்பு-நிக்கல் எதுவும் 9-ஐத் தாண்டாது.

இதில் கெடுப்பது காற்றுக்குமிழி. 0.05 கன செ.மீ. குமிழி ஒட்டியிருந்தாலே 10.3 என்பது 10.1 ஆகிவிடும், நல்ல நாணயத்தின் மேல் சந்தேகம் வரும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நாணயத்தை மெல்ல அசைத்துக் குமிழிகளை உதறிய பின் எண்ணைப் பாருங்கள். பதக்கமாக அணிய வளையம் பற்றவைத்த நாணயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. சின்ன நாணயங்களிலும் பிடி தளரும். 1922-38 காலத்து 50 சென் (அரை யென்) 4.95 கிராம்தான், 72 சதவீத வெள்ளி, ஒப்படர்த்தி 10.0 வர வேண்டும். தராசு 0.01 தவறினாலே விடை 0.2 நகர்ந்துவிடும் என்பதால் மூன்று முறையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

தண்ணீரையும் ஏமாற்ற முடியும். ஈயத்தை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வெள்ளீயத்தோடு கலந்தால் ஒப்படர்த்தி 10.2 வந்துவிடும். இங்கேதான் காந்தம் உதவும். இரும்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பது அதன் சின்ன வேலை. நியோடிமியம் என்ற வலுவான வகைக் காந்தத்தில் சின்னதொன்றை 45 பாகை சாய்த்த நாணயத்தின் மேல் வழுக்கவிட்டால், நன்றாக மின் கடத்தும் வெள்ளியின் மேல் அது தயங்கித் தயங்கி இறங்கும். ஈயக் கலவையிலும் செம்பு-நிக்கலிலும் சர்ரென்று ஓடிவிடும். வெள்ளி முலாம் பூசிய செம்பிலும் காந்தம் தயங்கவே செய்யும். ஆனால் அந்தச் செம்பைத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று கோட்டை விடுவதை மற்றது பிடிப்பதால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். விரல் நுனியில் வைத்துத் தட்டிக் கேட்கும் ஓசையும் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் உள்ளே விரிசல் விட்ட அசலும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

உரைகல்லும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம். நாணயத்தின் சேகரிப்பு மதிப்பைக் கெடுத்துவிட்டு, மேல்தோலில் வெள்ளி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எக்ஸ் கதிரால் உலோகத்தின் கலவையைச் சொல்லும் நகைக்கடை எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் காயப்படுத்தாது. அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாமில் ஏமாறும்.

இதுவரை சொன்ன எதுவும் வெள்ளியிலேயே செய்த போலியைத் தொடாது. 92.5 வெள்ளியின் ஒப்படர்த்தி 10.36; வீட்டுத் தராசால் அதை 10.31-லிருந்து பிரிக்க முடியாது. அரிய ஆண்டுகளுக்குக் கிடைக்கும் விலையில் வெள்ளியைப் போட்டு அடித்தாலும் லாபம்தான். அங்கே 10 மடங்கு லென்ஸ் ஒன்றே கதி.

வார்த்த போலியில் எழுத்துகளின் மூலைகள் மழுங்கியிருக்கும். தரைப்பரப்பில் உருண்டையான நுண்குழிகள் தெரியும். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடோ அதை அரம் வைத்துத் தேய்த்த தடமோ இருக்கும். டிராகனின் செதில்கள் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கும். தேய்ந்த அசலில் உயரமான செதில்கள்தான் முதலில் போகும், பள்ளத்தில் இருப்பவை கூர்மையாகவே நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அது தேய்மானம் அல்ல. அசலிலிருந்து படியெடுத்த அச்சில் அடித்த போலி இன்னும் கடினம். அந்த அசலில் இருந்த கீறலும் குத்து முத்திரையும் எல்லாப் படிகளிலும் அதே இடத்தில் வரும் என்பதால், விற்பனைப் படங்களை அடுக்கி வைத்து ஒப்பிடுவதே வழி.

ஆண்டைப் படிப்பது பலர் தாண்டிப் போகும் சோதனை. நாணயத்தில் இருப்பது பேரரசர் ஆட்சிக்கால ஆண்டு: மெய்ஜி ஆண்டோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு, தைஷோவானால் 1911. ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அத்தனை கோடுகள், பத்து என்பது கூட்டல் குறி. மெய்ஜி 31, 32, 33 ஆண்டுகளில் ஒரு யென் அடிக்கவே இல்லை. ஆகவே மூன்று கோடு, கூட்டல் குறி, அதன்பின் மீண்டும் ஒன்று முதல் மூன்று கோடு என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். மெய்ஜி 3 என்ற 1870-ஆம் ஆண்டு யென்னில் ஆங்கில எழுத்தே கிடையாது. ஒசாகா நாணயச்சாலை திறந்ததோ 1871-இல். நாணயத்தில் முந்தைய ஆண்டு இருப்பதைப் பிழை என்று எண்ணி நல்லதை ஒதுக்கிவிடாதீர்கள். வணிக டாலர் முகத்தோடு 416 என்ற எண் சேர்ந்து வந்தால் அது இரண்டு நாணயங்களைக் கலந்து செய்த போலி.

கடைசியாக வட்டத்துக்குள், வெள்ளி என்று பொருள்படும் 'கின்' (gin) எழுத்து குத்திய யென்கள். 1897-இல் ஜப்பான் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட நாணய முறைக்கு மாறியபோது, திரும்பப் பெற்ற யென்களை வெளியே புழங்க அனுப்புவதற்காக இந்த முத்திரையைக் குத்தினார்கள். ஒசாகாவில் இடப்பக்கம், டோக்கியோவில் வலப்பக்கம். அசல் முத்திரையின் ஓரத்தில் உலோகம் நசுங்கி ஒதுங்கியிருக்கும். மெய்ஜி 34-க்குப் பிந்தைய யென்னில் இந்த முத்திரை இருந்தால், நாணயமே அசலானாலும் முத்திரை பின்னாளில் யாரோ குத்தியது.