ஜப்பானிய இலக்கணம்: ஆரம்பத்திலேயே ஆழமாகவா, அளவாகவா?

2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவைத் தொடங்கிய பிறகு, எங்கள் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நர்சிங் முடித்த பிள்ளைகள்கூட அந்த விசாவுக்கு மொழித் திறனைக் காட்ட உதவும் என்4 பற்றி விசாரிக்கிறார்கள் (ஜே.எல்.பி.டி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் ஒரு நிலை; என்5 எளிது, என்1 கடினம்). எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இலக்கணத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் கதை படிக்கப் போகணுமா, கொஞ்சம் தெரிந்ததும் கதை, வீடியோ என்று இறங்கிவிடலாமா? நான் வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டாவது வழியில் என்4 வரை வந்தவன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதல் வழியின் நன்மை தெரிந்ததே. வகுப்பில் ஐம்பது பாடம், ஒழுங்கான வரிசை, கேள்வி கேட்க ஒரு சென்செய் (ஆசிரியர்). கூட்டத்தோடு படிப்பதால் பாதியில் விட மனசு வராது. எழுத்துக்களுக்கு இரண்டு வழியிலும் ஒரே உழைப்புதான்: ஒலியெழுத்துக்களான ஹிராகானா, கதகானா முதலில், சீன எழுத்துக்களான காஞ்சி பிறகு.

தீர்மானிக்கிற விஷயம் வேறு. நாம் தமிழர்கள், ஆனால் கையில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்து எழுதியவை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'நேற்று வாங்கின புத்தகம்' என்பதுபோல் அடைமொழி முழுசும் முன்னால் நிற்கும் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். இவை நமக்குப் பாடமே இல்லை. பேசிப் பழகிய வாக்கியம் அதே வரிசையில்தான் இருக்கிறது.

'தே' வடிவத்தைப் பாருங்கள். தபெரு என்றால் சாப்பிடு. தபெதே என்றால் சாப்பிட்டு. நம் வினையெச்சம்தான். அதோடு மிரு (பார்) சேர்த்தால் சாப்பிட்டுப் பார். ஒகு (வை) சேர்த்தால் 'வாங்கி வை' என்கிறோமே, அந்த வை. ஷிமாவு சேர்த்தால் சாப்பிட்டுவிடு. தனித்தனிப் பாடங்களாகச் சொல்லித் தரும் இந்தத் துணைவினைகளை ஒரு தமிழர் ஒரு மாலையில் புரிந்துகொள்ளலாம்.

'தே இரு' இன்னும் நல்ல உதாரணம். ஆங்கில விளக்கம் இதை 'இங்' போட்ட தொடர்வினை என்று ஆரம்பிக்கும். பிறகு 'கிதே இரு' என்றால் 'வந்துகொண்டிருக்கிறார்' இல்லை, வந்து இங்கே இருக்கிறார் என்று விதிவிலக்கு சொல்லும். 'கெக்கொன் ஷிதே இரு' என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று இன்னொரு விதிவிலக்கு. 'வந்திருக்கார்', 'ஆகியிருக்கு' என்று தினமும் பேசுகிற நமக்கு இதில் விதிவிலக்கே இல்லை. 'தபெதே இரு' சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் ஆகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். எது எந்த இடத்தில் என்பது நாலு கதை படித்தால் பிடிபடும். இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கற்பது, ராயபுரத்திலிருந்து காசிமேடு போக தாம்பரம் சுற்றுவது மாதிரி.

அப்படியானால் ஆழமாக எதைப் படிப்பது? முதலில் வினை மாற்றங்கள். நோமு நோன்தே ஆகும், காகு காயிதே ஆகும், மட்சு மத்தே ஆகும். இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும்; தமிழ் இங்கே கைகொடுக்காது. அடுத்து, பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'வா', 'கா' என்ற இரண்டு உருபுகளின் வேறுபாடு. 'நான்தான் போனேன்' என்கிற அழுத்தத்தில் 'கா' வரும் என்பது பாதி வழிக்கு உதவும், மீதிக்கு உதவாது. 'அகெரு', 'குரெரு' இன்னொன்று: எனக்குக் குடு, அவனுக்குக் குடு என்று இரண்டுக்கும் ஒரே சொல்லில் பழகியவர்கள் நாம், ஜப்பானியரோ நம்மிடமிருந்து போவதற்கு 'அகெரு', நம் பக்கம் வருவதற்கு 'குரெரு' என்று தனித்தனி வினை வைத்திருக்கிறார்கள். கடைசியாக 'தாரா', 'பா', 'தோ', 'நாரா'. நாலையும் நாம் '-ஆல்' என்று முடித்துவிடுகிறோம், வந்தால், போனால். இந்த நாலில் எனக்கே இன்னும் சில இடங்களில் சந்தேகம் வருகிறது.

தேர்வும் இந்த வழிக்கு எதிராக இல்லை. என்4-இல் மொத்தம் 180 மதிப்பெண். 90 எடுத்தால் தேர்ச்சி. அந்த 180-இல் 60 கேட்டுப் புரிந்துகொள்வதற்கு. அந்தப் பகுதியில் 19-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். ஒலிபெருக்கியில் வாக்கியம் ஓடும்போது விதியை நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது. காது பழகியிருக்க வேண்டும்.

என்3-க்கு மேலே, மரியாதைப் பேச்சான கெய்கோ, அலுவலக மின்னஞ்சல் இதிலெல்லாம் என் அனுபவம் குறைவு. அங்கே முறையான இலக்கணம் அதிகம் தேவைப்படும் என்றே தோன்றுகிறது. இன்னொன்று, தேர்வு ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் வரும். கட்டணம் கட்டிவிட்டீர்கள், இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வதை ஓரம் வைத்துவிட்டு பாடப்புத்தகத்தையும் பழைய வினாத்தாளையுமே பிடியுங்கள். கதை வழி பலன் தர அதைவிட நாளாகும்.